மறு: பெரியோடான்டைட்டிஸ் – ‘ஈறு நோய்’ போதுமா?

> இரண்டுக்கும் ‘ஈறழற்சி’ என்றே வைத்துக்கொள்ளலாம். இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, ஜிஞ்சிவைட்டிஸ், பெரியோடான்டைட்டிஸ் இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் போதும் என்கிறீர்கள். இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

ஜிஞ்சிவைட்டிஸ் ஈறோடு நிற்பது. ஈறு சிவந்து உப்பும், பல் துலக்கினால் ரத்தம் கசியும்; பல்லில் படியும் படலத்தை ஒழுங்காக எடுத்துவந்தால் ஆறிவிடும். பெரியோடான்டைட்டிஸ் அப்படியல்ல. பல்லை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரும் அந்த எலும்புமே கரைகின்றன. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது.

முதலாவது எல்லாருக்கும் இரண்டாவதாக முற்றுவதும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் 480 பேரை 1970-இலிருந்து 15 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர். பிரஷ் பிடித்தறியாதவர்கள். இருந்தும் சுமார் 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறைத் தாண்டவில்லை. 8 விழுக்காட்டினருக்கு மளமளவென்று முற்றியது. நம்மவர் வாயைப் பார்த்து எழுதிய முடிவு, ‘ஈறழற்சி’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்!

பெரியோடான்டைட்டிஸுக்குப் ‘பற்சூழ் திசு அழற்சி’ என்பது பிழையில்லை. ஆனால் பல்லைச் சுற்றி இருக்கிறது என்கிறதே தவிர, அங்கே அதற்கு என்ன வேலை என்று சொல்லவில்லை. அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு “ரெண்டு, மூணு, மூணு, ஆறு” என்று மில்லிமீட்டரில் சொல்லிக்கொண்டே போனார். மூன்று வரை பரவாயில்லையாம். “ஈறு நோய்மா” என்றதும் அம்மா, “ஈறுதானே, உப்பு வச்சுத் தேய்ச்சா போச்சு” என்று எழுந்துவிட்டார். “பல்லுக்குப் பிடிப்பு போயிட்டிருக்கு” என்றார் டாக்டர். அம்மா மறுபடி உட்கார்ந்தார்.

அந்தப் ‘பிடிப்பை’த்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஈறு, நார், வேரின் மேற்பூச்சு, எலும்பு நான்கும் சேர்ந்தது பற்பிடி. நோய், பற்பிடியழற்சி. டாக்டர்கள் மில்லிமீட்டரில் குறிக்கும் அட்டாச்மென்ட் லாஸ், பிடிப்பிழப்பு. கைப்பிடி போல ஒலிக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள், கேட்கட்டும், பழகிவிடும்.

பல்லில் இறுகிப் படியும் டார்ட்டருக்கு ‘காரை’ இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். “பல்லுல காரை கட்டியிருக்கு” என்றுதான் ஊரே சொல்கிறது.

சிக்கல் பாக்கெட்டில்தான், அதாவது ஈறு பல்லைவிட்டு விலகி உண்டாகும் பள்ளத்தில். ‘குழி’ என்றால் சொத்தை என்று நினைப்பார்கள். இலக்கணப்படி ‘ஈற்றுப்பை’ என்று எழுதினால் எனக்குத் தலையீற்றுப் பசுதான் கண்ணில் நிற்கிறது. வேறு யாரிடமாவது சொல் இருக்கிறதா?