ஒரு கேள்விக்கு அரை லிட்டர் தண்ணீரா? யார் அளந்தது?

நொய்யல்கரையான்:
அக்டோபர் 2 கிராம சபையில் நடந்ததை இங்கே கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஓடையில் சாயத் தண்ணீர் வருகிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் மனு கொண்டு வந்தார்கள். போனில் ஏஐயிடம் சொல்லி எழுதி வாங்கிய மனு. எழுத்துப் பிழை இல்லை, சர்வே எண் முதற்கொண்டு சரியாக இருந்தது. படித்து முடிப்பதற்குள் ஒரு பெரியவர் எழுந்து, "ஒரு கேள்வி கேட்டால் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கிற மிஷினிடம் எழுதி வாங்கி, தண்ணீர் கெட்டுப்போச்சு என்று மனுக் கொடுக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?" என்றார். கைதட்டல் வேறு. அதற்கப்புறம் மனுவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

ஏஐ ஓடுகிற கம்ப்யூட்டர்களைக் குளிரவைக்கத் தண்ணீர் செலவாகிறது, சரி. ஆனால் அந்த அரை லிட்டர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஜிபிடி-3 என்கிற ஏஐ மாடல் நடுத்தர நீளத்தில் 10 முதல் 50 பதில் சொல்வதற்கு 500 மில்லி என்றுதான் அதில் இருக்கிறது. பத்திலிருந்து ஐம்பது! ஒன்றுக்கு அல்ல. பந்தியில் ஐம்பது பேர் குடித்த தண்ணீரை ஒருத்தர் தலையில் எழுதுவது என்ன கணக்கு? அந்தப் பெரியவர் இந்தக் குழுவிலும் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். கடைமடைப் பக்கம் தேடினால் கிடைப்பார்.

கடைமடை வாத்தியார்:
தேட வேண்டியதில்லை, இங்கேதான் இருக்கிறேன். 31 வருடம் கணக்குப் பாடம் எடுத்தவனுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கத் தம்பி வந்திருக்கிறார், சந்தோஷம். நீங்கள் 2023லேயே நின்றுவிட்டீர்கள். 2024 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதே ரிவர்சைடு ஆட்களோடு சேர்ந்து கணக்குப் போட்டது. ஜிபிடி-4 நூறு சொல்லில் ஒரே ஒரு மின்னஞ்சல் எழுத 519 மில்லி. ஒன்றுக்கு. அரை லிட்டர் என்று நான் சொன்னது உங்களுக்கு 19 மில்லி தள்ளுபடி போக.

மொடக்குறிச்சி மாப்ளே:
கரையானுக்கு மருந்து அடிச்சாச்சு.

நொய்யல்கரையான்:
மாப்ளே, கைதட்டுவதற்கு முன்னால் மீதியையும் கேளுங்கள். 2025 ஜூனில் சாட்ஜிபிடியை நடத்துகிற ஓபன்ஏஐ நிறுவனத் தலைவர் சாம் ஆல்ட்மேன் எழுதியது சராசரியாக ஒரு கேள்விக்கு ஒரு மில்லியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகஸ்டில் கூகுள் தன் ஜெமினி ஏஐக்கு வெளியிட்ட கணக்கு 0.26 மில்லி. ஐந்து சொட்டு! போலியோ மருந்தைவிட மூன்று சொட்டுக் கூட, அவ்வளவுதான். அரை லிட்டர் எங்கே, ஐந்து சொட்டு எங்கே? கிராம சபையில் அந்தப் பெண்கள் முகம் சுருங்கிப் போனதற்கு வாத்தியார் என்ன பதில் வைத்திருக்கிறார்?

கடைமடை வாத்தியார்:
"எங்கள் பட்டறையிலிருந்து ஐந்து சொட்டுத்தான் வெளியே போகிறது" என்று சாயப்பட்டறை முதலாளி எழுதிக் கொடுத்தால் நம்புவீர்களா? கூகுள் தன் கம்ப்யூட்டர்கள் இருக்கிற டேட்டா சென்டர் கட்டடத்தைக் குளிரவைக்கிற தண்ணீரை மட்டும் எண்ணியது. அந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் தருகிற மின் நிலையம் குடிக்கிற தண்ணீர் அதில் சேரவில்லை. மேட்டூர் அனல் மின் நிலையத்துக் கூலிங் டவரிலிருந்து எழும்புவது சாம்பிராணிப் புகையா? அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்து தி டால்ஸ் ஊரில் கூகுள் கட்டடங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று பத்திரிகைக்காரர் கேட்டதற்கு நகராட்சியே வழக்குப் போட்டு மறைத்தது. கடைசியில் வெளியே வந்தபோது 2021இல் ஊர்த் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் என்று தெரிந்தது. நீங்கள் சொட்டு எண்ணுங்கள்.

தம்பி மேற்கோள் காட்டுகிற அதே 2023 கட்டுரையில், ஜிபிடி-3ஐப் பயிற்றுவிக்கவே 7 லட்சம் லிட்டர் ஆவியாகியிருக்கும் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது மட்டும் கை வலித்துவிட்டது போல.

சரவணம்பட்டி அம்மணி:
ஒரு நிமிடம். எடுக்கிற தண்ணீர் வேறு, ஆவியாகிப் போகிற தண்ணீர் வேறு. 'கேள்வி' என்பதும் ஒரு வரியா, ஒரு பக்கமா? எந்த மாடல், எந்த ஊர்க் கட்டடம் என்பதைப் பொறுத்து எண் பல மடங்கு மாறும். 'செலவு' என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

நொய்யல்கரையான்:
அம்மணி, அதெல்லாம் அப்புறம். வாத்தியாரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. பத்திலிருந்து ஐம்பதுக்கா, ஒன்றுக்கா?

7 லட்சம் லிட்டர் என்றால் 12,000 லிட்டர் லாரியில் 58 நடை. சித்திரையில் எங்கள் பக்கத்து லாரிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டிவிடுவார். 1992இல் பாசனத்துக்கு என்று நொய்யல் ஆற்றில் திறந்த ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்குட்டை ஆக்கியது ஏஐயா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது எதை, சாயப்பட்டறைகளையா, சர்வரையா? சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில். நொய்யல் செத்தபோது அது பிறக்கவே இல்லை.

பல்லடம் தறி:
அப்படிப் பார்த்தால் ஒரு காட்டன் டீ-சர்ட்டுக்குப் பருத்திக் காட்டிலிருந்து கணக்குப் போட்டு 2,700 லிட்டர் என்று சொல்கிறார்கள். இங்கே பேசுகிற எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். எனக்குத் தண்ணீரைவிடக் கரண்ட்தான் கவலை. 2024இல் உலகம் முழுக்க டேட்டா சென்டர்கள் இழுத்தது 415 டெராவாட் மணி என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது, மொத்த மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030க்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்கிறார்கள். சென்னையில் கட்டடம் கட்டடமாக வருகிறது. நாளைக்கு அவனுக்கும் எனக்கும் ஒரே ட்ரான்ஸ்பார்மர் என்றால் யாருக்கு முதலில் பீஸ் பிடுங்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைமடை வாத்தியார்:
தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அவர் கரண்டைப் பற்றிக் கவலைப்படுகிறார். நல்லது.

பல்லடம் தறி:
உங்கள் மோட்டாருக்கு முழுசும் இலவசம். அதை யாராவது எண்ணினார்களா? மீட்டர் வைக்க விடுவீர்களா வாத்தியாரே? சும்மா என்னைக் கிளறாதீர்கள்.

கடைமடை வாத்தியார்:
அந்த இலவசம் பிச்சையாக வந்ததல்ல. 1970 ஜூன் 19, பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு சொன்னார் என்று கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். என் அப்பா வண்டியும் அதில் நின்றது. அதுதான் மனு. போனில் மூன்று வரி சொல்லிவிட்டு, அது எழுதித் தந்ததை அப்படியே அச்சடித்துக் கொண்டுவந்து நீட்டுவதற்குப் பெயர் ஜனநாயகமா?

மொடக்குறிச்சி மாப்ளே:
அத்தனை மாடும் எத்தனை லிட்டர் குடிச்சதுங்க?

நொய்யல்கரையான்:
சரியான கேள்வி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாத்தியாருக்கு இன்று ஒன்றை ஞாபகப்படுத்தியே ஆக வேண்டும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா என்று இதே குழுவில் சண்டை வந்தபோது, கசிகிற தண்ணீரெல்லாம் வீண் என்று நின்றவர் இவர். அந்தக் கசிவில்தான் எங்கள் அப்பாரு கிணறு ஊறியது, 40 அடியில் தண்ணீர். அன்றைக்கு எங்கள் தண்ணீர் இவருக்குத் தண்ணீராகத் தெரியவில்லை. இன்றைக்குக் கலிபோர்னியாவில் ஆவியாவதற்குக் கண்ணீர் வடிக்கிறார்.

கடைமடை வாத்தியார்:
அதை மறக்கவில்லை பாருங்கள்! 124 மைல் வாய்க்கால். தலையில் இருப்பவனும் நடுவில் இருப்பவனும் குடித்து, கசியவிட்டு, மோட்டார் போட்டு உறிஞ்சினது போக எங்கள் மடைக்கு வருவது சேறு. கடைசி மடையில் நின்று வானத்தைப் பார்த்தவனுக்குத்தான் ஒரு மில்லியின் அருமை தெரியும். அரை லிட்டர் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

சரவணம்பட்டி அம்மணி:
கசிவு உங்களுக்கு இழப்பு, அவருக்குக் கிணற்று ஊற்று. நான் மேலே கேட்டது இதைத்தான். யாருக்கும் காதில் விழவில்லை, சரி.

பல்லடம் தறி:
ஜனநாயகம் என்றதும் ஞாபகம் வந்தது. ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே நம் மாவட்டங்களில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தனி அலுவலர்தான். அவரிடம் ஏஐ மனு கொடுத்தால் என்ன, ஓலைச்சுவடியில் கொடுத்தால் என்ன? அடுத்த தேர்தலுக்கு ஓட்டு வாங்கினவனே வந்து நிற்கப் போவதில்லை. 2018இல் மறைந்த கலைஞர் 2024 ஜனவரியில் ஏஐ உருவமாகத் திரையில் தோன்றிப் புத்தக வெளியீட்டுக்கு வாழ்த்துச் சொன்னார். அடுத்த மாதம் ஜெயலலிதா குரல்.

மொடக்குறிச்சி மாப்ளே:
குரல் ரொம்ப நல்லா இருந்தது. இருக்கிறவர்கள் பேசுவதைவிடப் பரவாயில்லை.

நொய்யல்கரையான்:
கட்சிப் பேச்சு எடுத்தால் இன்று முடியாது, தள்ளி வையுங்கள். ஏஐ என்றால் பொய் வீடியோ மட்டும்தானா? 2024 பிப்ரவரியில் மதுக்கரைத் தண்டவாளத்தில் 12 டவரில் கேமரா வைத்தார்கள். யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தால் ஏஐ கண்டுபிடித்துச் சொல்கிறது, ரயிலை மெதுவாக்குகிறார்கள். எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவில் அதற்கு முன்னால் எத்தனை யானை அடிபட்டுச் செத்தது என்று ஊருக்கே தெரியும். அந்தக் கேமராவையும் தண்ணீர் குடிக்கிறது என்று கழற்றிவிடலாமா?

கடைமடை வாத்தியார்:
யானையைப் பற்றி நான் பேசவில்லை. யானைக்கு மனு எழுதத் தெரியாது. பேச்சை மாற்றாதீர்கள். ஒன்றுக்கு 519.

ஊர்க்காரி:
வணக்கம். அந்த மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அரை லிட்டரா ஐந்து சொட்டா என்று எனக்குத் தெரியவில்லைங்க. நாங்கள் 42 பேர் கொடுத்தோம். ஆளுக்கு ஒன்று இருக்கட்டும் என்று என் மகள்தான் 42 தடவை கேட்டு எழுதி வாங்கினாள். படித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, பெயரும் கதவு எண்ணும் மட்டும் வேறு. ஆபீசில் எல்லாவற்றையும் அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, ஒரே மனு என்று பதிந்துவிட்டார்கள். ஒரு ரசீதுதான் கொடுத்தார்கள். போன வருடம் எங்கள் மாமியார் கோணல்மாணலாகக் கைப்பட எழுதிக் கொடுத்ததற்குத் தனி ரசீது வந்தது. இப்போது மற்ற 41 பேரும் எங்கள் மனு எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.

நொய்யல்கரையான்:
வாங்கக்கா, நல்ல நேரத்தில் வந்தீர்கள். வாத்தியாரே, 42 மனுதானே? 0.26ஐ 42ஆல் பெருக்குங்கள். 10.92 மில்லி. இரண்டு டீஸ்பூன் சொச்சம். இதற்கா கிராம சபையில் அத்தனை பேச்சு?

கடைமடை வாத்தியார்:
519ஐ 42ஆல் பெருக்கினால் 21,798 மில்லி. கிட்டத்தட்ட 22 லிட்டர். கேன் தண்ணீர் ஒன்று, அதற்கு மேல் கொசுறு. அம்மா, நீங்களே உங்கள் வாயால் கணக்கை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

நொய்யல்கரையான்:
மனு நூறு சொல்லுக்குக் கம்மியாக இருந்தால்? அக்கா, ஒரு மனுவில் எத்தனை சொல் என்று எண்ணிச் சொல்ல முடியுமா? எந்த ஏஐ என்பதும் வேண்டும். ஜெமினியாக இருந்தால் வாத்தியார் கதை முடிந்தது.

ஊர்க்காரி:
எண்ணவில்லைங்க. மகளைக் கேட்டுச் சொல்கிறேன்.

சரவணம்பட்டி அம்மணி:
அக்கா, 42 பேரும் தனித்தனியாக அவரவர் வீட்டில் என்ன பாதிப்பு என்று இரண்டு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கிணற்றுத் தண்ணீர், மாடு, குழந்தைக்குச் சொறி, எதுவாக இருந்தாலும். ஏஐ எழுதினால் என்ன, அதில் உங்கள் வீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைமடை வாத்தியார்:
பார்த்தீர்களா, அம்மணியும் கடைசியில் கையால் எழுதச் சொல்கிறார். என் பக்கம் வந்துவிட்டார்.

சரவணம்பட்டி அம்மணி:
நான் யார் பக்கமும் வரவில்லை.

நொய்யல்கரையான்:
அவர் சொன்னது 'ஏஐ எழுதினால் என்ன' என்று. தமிழ் படிக்கவும் தெரியாதா உங்களுக்கு? அம்மணி என் பக்கம். இருக்கட்டும். கைதட்டினவர்கள் இந்தக் குழுவில் எத்தனை பேர் என்று தெரியும், வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். கட்டுரையில் இருப்பது 10 முதல் 50. திரும்பவும் சொல்கிறேன், 10 முதல் 50.

பல்லடம் தறி:
நாளைக்குக் காலை 9 மணியிலிருந்து எங்கள் பக்கம் பராமரிப்புக்காகக் கரண்ட் கட். டேட்டா சென்டருக்கு இப்படிக் கட் பண்ணுவார்களா? யாரும் பதில் சொல்ல மாட்டீர்கள்.

மொடக்குறிச்சி மாப்ளே:
நான் இந்தச் சண்டை முழுவதையும் ஏஐயிடம் கொடுத்து யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதாம்.

கடைமடை வாத்தியார்:
அதற்கும் அரை லிட்டர் போச்சு.

நொய்யல்கரையான்:
ஐந்து சொட்டு!

ஊர்க்காரி:
மகள் எண்ணிச் சொன்னாள், 140 சொல். எந்த ஏஐ என்று அவளுக்கே மறந்துவிட்டது. ஓடையில் இன்று காலையும் ஊதா நிறத்தில்தான் வருகிறது. அம்மணி சொன்ன மாதிரி எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

கடைமடை வாத்தியார்:
140 சொல் என்றால் 519 பத்தாது. 727 மில்லி வருகிறது. நான் தள்ளுபடி கொடுத்தது தப்பாகப் போச்சு.

நொய்யல்கரையான்:
சொல்லுக்குச் சொல் விகிதம் போடலாம் என்று எந்தக் கட்டுரையில் இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம். கணக்கு வாத்தியாராம்!

கடைமடை வாத்தியார்:
முறைத் தண்ணீர் வந்துவிட்டதாக ஆள் வந்து சொல்கிறான். மடை திருப்பப் போகிறேன். வந்து வைத்துக்கொள்கிறேன்.

மொடக்குறிச்சி மாப்ளே:
எத்தனை மில்லி என்று அளந்துகொண்டு வாங்க.

நொய்யல்கரையான்:
போகட்டும், எங்கே போய்விடுவார்? ராத்திரி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன், 10 முதல் 50 என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு.