கொடைக்கானலில் சிவப்புக் காளான், மேலே வெள்ளைப் புள்ளி: தொட்டாலே விஷமா?

ஊர்சுற்றி:
போன வாரம் கொடைக்கானல் போயிருந்தோம். பைன் காட்டில் மழை விட்ட நேரம், சருகுக்கு நடுவே ரத்தச் சிவப்பில் ஒரு காளான், மேலே தேங்காய்த் துருவல் தூவியது போல வெள்ளைப் புள்ளி. கார்ட்டூனில் வருவது இதுதான் என்று என் மகள் (7 வயது) பறித்தே விட்டாள். கை கழுவிவிட்டேன், ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தொட்டாலே விஷம் ஏறுமா? எங்கள் அம்மா வேறு, கலராக இருந்தால்தான் விஷம், வெள்ளையைத் தாராளமாகச் சமைக்கலாம், சந்தேகம் வந்தால் குழம்பில் வெள்ளிக் காசு போடு, கறுத்தால் கொட்டிவிடு என்கிறார்.

சருகுமான்:
தொட்டதால் ஒன்றும் ஆகாது, நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அமானிட்டா மஸ்காரியா. பைன் வேரோடு கூட்டு வைத்து வாழும் காளான். நம் மலைக்குப் பைனே வெளியிலிருந்து வந்த மரம்தான். 'மஸ்கா' என்றால் லத்தீனில் ஈ, ஐரோப்பாவில் இதைப் பாலில் போட்டு வைத்து ஈயை மயக்குவார்களாம். மொட்டாக இருக்கும்போது மூடியிருந்த வெள்ளை உறை கிழிந்து, அந்தத் துணுக்குகள்தான் குடைமேல் ஒட்டிக்கொண்டு புள்ளியாகத் தெரிகின்றன. பலமாக மழை அடித்தால் அதுவும் கழுவிப் போய் வெறும் சிவப்பாக நிற்கும், அதனால் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். தண்டில் பாவாடை போல ஒரு வளையம், மண்ணுக்குள் வெங்காயம் போல ஒரு உப்பல் இருக்கிறதா பாருங்கள், ஆனால் பிடுங்கினால் அந்த உப்பல் மண்ணிலேயே தங்கிவிடும், குச்சியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தள்ளாட்டம், உளறல், அப்புறம் அடித்துப் போட்டது போலத் தூக்கம். உயிர் போவது அபூர்வம்.

புற்றுமண்:
அம்மா சொல்வது அப்படியே தலைகீழ். எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது சுத்தமான வெள்ளையில்தான். மழைக்குப் பிறகு புல்தரையில் தட்டு அகலத்துக்கு முளைத்திருந்ததை மாமா புற்றுக்காளான் என்று நினைத்து மிளகு போட்டு வறுத்தார், இரண்டு மணி நேரத்தில் நாலு பேருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு, குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. பிறகு மிச்சமிருந்த ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க வைத்தேன், காலையில் தாளில் பாசிப் பச்சையில் தூள் கோலம். குளோரோபில்லம் மாலிப்டைட்டீஸ் என்ற ஆசாமி. புற்றுக்காளான் என்றால் தூள் வெளிர் ரோஸ் நிறத்தில் விழும், தண்டு வேர் போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் பாக்கெட்டில் வரும் பால்காளான்தான் வாங்குகிறேன்.

இரவுப்பணி:
வெள்ளிக் காசு கறுப்பது கந்தகத்தால், முட்டையில் போட்டாலும் கறுக்கும். ஆளைக் கொல்லும் அமாடாக்சின் அதில் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. இதே அமானிட்டா வகையைச் சேர்ந்த 'டெத் கேப்' பார்க்க மங்கலான பச்சையில் சாதுவாக இருக்கும். 2023-ல் ஆஸ்திரேலியாவில் லியோன்காதா என்ற ஊரில் மதிய விருந்து சாப்பிட்ட மூன்று பேரைக் கொன்றது அதுதான். அசாமிலும் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். இந்த விஷத்தின் குணம் தாமதம்: பெரும்பாலும் ஆறு மணி நேரம் தாண்டித்தான் வாந்தி தொடங்கும், மறுநாள் தெளிந்தது போல இருக்கும், அதற்குள் உள்ளே கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். சீக்கிரம் வாந்தி வந்தாலும் அலட்சியம் வேண்டாம், இரண்டு வகையையும் சேர்த்துத் தின்றிருக்கலாம். மிச்சக் காளானையோ வாந்தியையோ ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஊர்சுற்றி:
எல்லோருக்கும் நன்றி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வளையம் தெரிகிறது, அடி இல்லை, சருகுமான் சொன்னபடி பிய்ந்துவிட்டிருக்கிறது. அம்மாவிடம் முட்டைக் கதையைச் சொன்னேன், காசைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார். மகள் இப்போதுதான் ஒத்துக்கொண்டாள், பறித்தது ஒன்றல்ல இரண்டாம். மற்றது பென்சில் டப்பாவில் காய்ந்து ஆரஞ்சாகிக் கிடக்கிறது, டப்பாவோடு தூக்கிப் போடப் போகிறேன்.