அக்வாபோனிக்ஸ் நீரோட்டம்: இன்னும் மனத்தை உறுத்தும் அனுபவங்கள்

பதிவு 1

மீன் தொட்டி நீரைச் சரளையில் வளரும் செடிகளுக்குச் சுழற்றிவிடுவதுதான் அக்வாபோனிக்ஸ். செடித் தொட்டியை வடிப்பது பெல் சைபன்: நட்டு வைத்த உட்குழாயின் மேல் ஒரு மூடிக்குழாயைக் கவிழ்த்திருப்போம்; நீர் உட்குழாயின் விளிம்பைத் தாண்டியதும் இழுவை பிடித்துத் தொட்டியை வடிக்கும், அடியில் காற்று புகுந்ததும் நின்றுவிடும். இனி நேராக நடந்ததைச் சொல்கிறேன். நெடுநாள் ஒழுங்காக நிரம்பி வடிந்துகொண்டிருந்த செடித் தொட்டியிலிருந்து ஒரு காலையில் நீர் வடியும் ஓசையே கேட்கவில்லை. மூடிக்குழாயைத் தூக்கிப் பார்த்தபோது, உட்குழாயின் விளிம்பைச் சுற்றி நீர் மெல்லிய ஏடாகப் படர்ந்து, சுவரை ஒட்டியே வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. குழாயின் நடுவில் காற்று நின்றதால் சைபன் பிடிக்கவில்லை. பம்பின் வாயில் இருந்த வலையை மீன் கழிவு அடைத்து வரத்து குறைந்திருந்தது. குறைந்த அந்த வரத்தும் விளிம்பில் வழிந்த நீரும் சரிசமமாக இருந்ததால் மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத அந்த நிலையில், சரளைக்குள் வேர்கள் காற்றே படாமல் எத்தனை நேரம் மூழ்கிக் கிடந்தனவோ என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை. வலையைக் கழுவியவுடன் சைபன் இழுத்துவிட்டது. ஆனாலும் குழாயிலிருந்து நீர் விழுவதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட இப்போது என்னால் முடிவதில்லை.

பதிவு 2

மேலே எழுதிய நண்பர் பழியை வலையின் மேல் போடுகிறார். நான் அதை ஏற்கவில்லை. வலை சற்று அடைத்தவுடனே நின்றுபோகிற சைபன், தொடக்கம் முதலே தன் கீழ் எல்லையை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். வரத்து ஓர் அளவுக்குக் கீழே போனால் சைபன் தொடங்காது. இன்னோர் அளவுக்கு மேலே போனால் அது நிற்காது. நான் கண்டது இரண்டாவது. உறவினர் வீட்டில் உச்சி வெயிலில் கீரைச் செடிகள் தலை தொங்கி நின்றன. மூடிக்குழாயின் அடியில் நீர் காற்றோடு சேர்ந்து களகளவென்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருந்தது. வந்த நீரையெல்லாம் சைபன் உடனுக்குடன் இழுத்துவிட்டதால் அடியில் இரண்டு விரற்கடை நீர்தான் தங்கியிருந்தது. சரளைக்குள் கையை நுழைத்தபோது முழங்கை வரை கற்கள் சுட்டன. விரல் நுனி மட்டும் குளிர்ந்தது.

இதற்குப் பெரிய பம்போ சிறிய பம்போ தீர்வாகாது. தேவைக்குச் சற்று மிகுந்த பம்பை வைத்து, செடித் தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு கிளை பிரித்து, வால்வு வழியாக உபரி நீரை மீன் தொட்டிக்கே திருப்புங்கள். அப்படித் திரும்பி விழும் நீர் மீனுக்குக் காற்றையும் கலந்து தருகிறது. பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம்; அது நீரை உயர்த்தாத நிலையில் கிடைப்பது. ஏற வேண்டிய உயரமும் குழாயை வளைக்கும் எல்போக்களும் கூடக்கூட அது சரியும். செடித் தொட்டியின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். அது 36 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 1,000 லிட்டர் வருகிறது என்று பொருள்.

பதிவு 3

சைபனைப் பற்றியே பேசுகிறோம். நீரோட்டம் நின்ற பிறகு நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை யாரும் சொல்லவில்லை. எங்கள் அமைப்பில் பம்ப் கீழே, வடிந்து வரும் நீர் சேரும் சம்ப் தொட்டியில் இருக்கிறது. நிறுவித் தந்தவர், நீர் விழும் ஓசை கேட்காமல் இருப்பதற்காக, மேலேறும் குழாயின் முனையை மீன் தொட்டிக்குள் ஆழமாக இறக்கி வைத்திருந்தார். இரவில் மின்சாரம் போனதும் அதே குழாய் சைபனாக மாறி, மீன் தொட்டி நீரை நின்றுபோன பம்பின் வழியாகவே கீழே இழுத்துக்கொண்டது. விளக்கை எடுத்துக்கொண்டு போனபோது தரை முழுவதும் நீர். தொட்டிக்குள் திலேப்பியாக்கள் முதுகுத்துடுப்பு நீருக்கு மேலே தெரிய, ஒருக்களித்துத் துடித்துக்கொண்டிருந்தன.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். குழாயின் முனை நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். உள்ளே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள்; மட்டம் அந்த இடத்துக்கு இறங்கியதும் காற்று புகுந்து இழுவை அறுந்துவிடும். நீரை ஒரே திசையில் மட்டும் விடும் திரும்பா வால்வை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல, ஏனெனில் கசடு சிக்கினால் அது முழுதாக மூடாது. அடுத்தது சம்ப் தொட்டியின் கொள்ளளவு. ஒரு மீட்டர் நீளமும் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள செடித் தொட்டியின் கொள்ளளவு 300 லிட்டர். சரளைக்கு இடையே உள்ள வெற்றிடம் ஏறத்தாழ 40 விழுக்காடு என்று கொண்டால், அதில் சுமார் 120 லிட்டர் நீர் நிற்கும். இரண்டு தொட்டிகள் ஒரே நேரத்தில் வடிந்தால் 240 லிட்டரையும் சம்ப் தாங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பினால், அந்த 240 லிட்டர் மேலே போன பிறகும் பம்ப் முழுதாக மூழ்கியிருக்கும் அளவுக்கு நீர் மிஞ்ச வேண்டும். சம்ப் தொட்டியைச் சிறிதாக்கி இடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் தாளில் போட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பதிவு 4

நான் சைபனையே விட்டுவிட்டேன். டைமர் வைத்து 15 நிமிடம் ஓட்டி, 45 நிமிடம் நிறுத்துகிறேன். உட்குழாயின் அடியில் உள்ள சிறு துளை வழியே தொட்டி தானாக வடிந்துவிடுகிறது. என்னைத் துரத்துவது வேறு காட்சி. வடிகுழாய் மந்தமாகிப் போனதால் கழற்றி இழுத்தபோது, புதினா வேர் ஒரு வடம் போலத் திரண்டு, என் கை நீளத்துக்கும் மேலாக வந்துகொண்டே இருந்தது. செடி வளர்ந்த இடமோ குழாயிலிருந்து வெகுதூரம். வடிகுழாய்க்கு 25 மில்லிமீட்டர் போதும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று: 50 மில்லிமீட்டர் குழாயில் நீர் செல்லும் பரப்பு அதைப்போல நான்கு மடங்கு. புவியீர்ப்பால் மட்டும் இறங்கும் நீருக்கு அந்த இடம் வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் திறந்து துலக்க ஒரு மூடி வையுங்கள்.

பதிவு 5

டைமர் நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: நீர் நின்றிருக்கும் அந்த 45 நிமிடம் உங்கள் மீன்களுக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 9 மில்லிகிராம். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. அதிலும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒரு வெப்பமான விடியலில், தீனி போடப் போன நான், எல்லா மீன்களும் நீர் விழும் ஒரே மூலையில் வாயை மேலே தூக்கி நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தேன். அன்று தீனி போடவில்லை. மீன் தொட்டியின் நீர் மணிக்கு ஒரு முறை சுழல வேண்டும் என்ற வழக்கமான அளவை என் பம்ப் நிறைவேற்றிக்கொண்டுதான் இருந்தது. மீன்கள் பெருத்துவிட்டதால் அந்த அளவு போதவில்லை. இப்போது நீர் பம்போடு தொடர்பே இல்லாத தனி ஏர் பம்ப், பேட்டரி இணைப்போடு, இரவும் பகலும் ஓடுகிறது. டைமரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏர் பம்பை அதே டைமரில் மாட்டாதீர்கள்.