கொல்லிமலையில் மலைப்பாதை ஓட்டம்: எந்த வழிகளில் ஓடலாம்?

ராசிபுரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தார்ச்சாலையில் 21 கிலோமீட்டர் வரை ஓடிப் பழகியவன் நான். அதை இரண்டே கால் மணி நேரத்தில் பெரிய சிரமமில்லாமல் முடித்துவிடுவேன். கொல்லிமலை கண்ணெதிரே இருந்தும் இதுவரை வண்டியில் மட்டுமே ஏறியிருக்கிறேன். இனிமேல் அங்கே மலைப்பாதைகளில் ஓடிப் பழகலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று வழிகள் மனத்தில் இருக்கின்றன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடி ஏறுவது முதலாவது. செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் வரை சென்று திரும்புவது இரண்டாவது. ஆகாய கங்கை அருவிப் பக்கமிருந்து புளியஞ்சோலைக்கு இறங்கும் பழைய நடைபாதையில் ஓடுவது மூன்றாவது. உண்மையைச் சொன்னால் என் ஆசையெல்லாம் இதன் மேல்தான். இவற்றில் எது தொடக்கக்காரனுக்குப் பொருந்தும், எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதை அங்கே ஓடியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேட்டுநில ஓட்டக்காரர்:

நண்பரே, நீங்கள் எழுதிய மூன்றிலும் இல்லாத ஒரு நான்காவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். கொல்லிமலை கூம்பாக உயர்ந்து முடிந்துவிடும் மலை அல்ல. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் ஏற்ற இறக்கங்களோடு பரந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. மேலே போய்விட்டால், ஒரு சிற்றூரிலிருந்து இன்னொரு சிற்றூருக்கு மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் தோப்புகள், காப்பித் தோட்டங்கள், சாமை விளையும் சரிவுகள், பள்ளத்து நெல் வயல்கள் ஆகியவற்றின் ஊடாக ஒற்றையடிப் பாதைகளும் மண் சாலைகளும் ஓடுகின்றன. மக்கள் அன்றாடம் நடக்கும் பாதைகள் என்பதால் தடம் தெளிவாக இருக்கும், புதர் மூடியிருக்காது. செம்மேட்டையோ சோளக்காட்டையோ மையமாக வைத்துக்கொண்டு, ஊர்களைச் சுற்றி எட்டு, பத்து கிலோமீட்டர் வட்டமாக ஓடிப் பழகுவதே நல்ல தொடக்கம். கால் சுளுக்கினாலும் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை பக்கத்திலேயே இருக்கும்.

செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அது முழுக்கத் தார்ச்சாலை; திரும்பியும் ஓடினால் 30 ஆகிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு வழி ஓடிவிட்டுப் பேருந்தில் திரும்புவது உத்தமம். அங்கிருந்து ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் நல்ல பயிற்சிக்களம்தான் என்றாலும், விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும். நீர்த்திவலை பட்டுப் படிகள் வழுக்கும். அருவியில் வெள்ளம் அதிகமானால் செல்லவே விடமாட்டார்கள். அந்தப் படிகளில் ஓடி ஏறுங்கள், இறங்கும்போது நடந்து இறங்குங்கள்.

தொலைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தார்ச்சாலையில் 21 கிலோமீட்டர் ஓடுபவர் மலையிலும் அதையே குறிவைத்தால் ஏமாந்துபோவார். பன்னாட்டு மலைப்பாதை ஓட்டச் சங்கம் ஒரு பாதையின் கடுமையை மதிப்பிடும்போது, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகக் கணக்கிட்டு ஓடும் தொலைவோடு கூட்டுகிறது. அதன்படி 800 மீட்டர் ஏற்றமுள்ள 20 கிலோமீட்டர் பாதை 28 கிலோமீட்டருக்குச் சமம். எனவே தொலைவை மறந்துவிட்டு, இன்று இரண்டு மணி நேரம் என்று நேரத்தை மட்டும் முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். செங்குத்தான ஏற்றத்தில் நடப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. இந்த ஓட்டத்தில் கைதேர்ந்தவர்களும் முழங்காலில் கையை ஊன்றி வேகமாக நடந்துதான் ஏறுகிறார்கள்.

வளைவுப் பிரியன்:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் 70 வளைவுகளை அவர் கண்டுகொள்ளாமல் விட்டது நியாயமில்லை. அடிவாரத்திலிருந்து மேட்டுநிலம் வரை கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம், அதுவும் சீரான சரிவில், நம் பகுதியில் வேறெங்கே கிடைக்கும்? கெண்டைக்காலும் மூச்சும் வலுப்பெற இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. விடியற்காலையில், சுமை வண்டிகளும் சுற்றுலாக்காரர்களும் வருவதற்குள் பாதியையாவது கடந்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. குறுகலான வளைவுகளில் பெரிய வண்டிகள் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். ஆகவே வளைவின் உட்புறத்தில் ஒருபோதும் ஓடாதீர்கள். வெளிப்புறத்தில் நின்று வண்டியைப் போகவிட்டுப் பிறகு ஓடுங்கள்.

திரும்பும்போது கட்டாயம் பேருந்தில்தான் இறங்க வேண்டும். இறக்கத்தில் ஓடும்போது மூச்சு வாங்காது என்பதால் உடம்பு நம்மை ஏமாற்றிவிடும். ஒவ்வொரு எட்டிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே தெரியாமல், மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். தார்ச்சாலையில் ஆயிரம் மீட்டர் இறங்கி ஓடியவர் மறுநாள் மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்திருக்கலாம். தொடக்கத்தில் இறக்கத்தைச் சிறு சிறு அளவாக, மண் பாதையில், குறுகிய எட்டுகள் வைத்துப் பழகுங்கள்.

புளியஞ்சோலைப் பாதையைப் பற்றி: அது தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறி இறங்கிய வழி. இன்றும் நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்க ஓட்டக்காரர்களை மட்டும் யார் தடுக்கப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

காப்புக்காடு:

தடுப்பார்கள், தடுக்கவும் வேண்டும். அந்தப் பாதையின் பெரும்பகுதி காப்புக் காட்டுக்குள் செல்கிறது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மலைவாழ் மக்கள் வழிவழியாக நடந்து வருவதும், வெளியூரிலிருந்து வரும் நாம் விளையாட்டுக்காக ஓடுவதும் ஒன்றல்ல. அவர்களுடைய வழக்கத்தை நம் உரிமையாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: பாதையின் மேல்முனை நாமக்கல் மாவட்டத்திலும், புளியஞ்சோலை திருச்சி மாவட்டத்திலும் இருக்கின்றன. எனவே ஒரு பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னதை நம்பி மறுபக்கம் இறங்கினால் பதில் சொல்ல வேண்டிவரும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. போதைப்புல் எனப்படும் உயரமான மலைப்புல் காய்ந்து நிறைந்த சரிவில் தீ காற்றோடு மேல்நோக்கி ஏறும் வேகத்தை மனிதக் கால்கள் வெல்வது அரிது. நன்றாக ஓடத் தெரியும் என்ற தைரியம் அங்கே எதற்கும் உதவாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுவதும் 40 மலையேற்ற வழிகளை இணையப் பதிவு முறையில் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அந்த ஏற்பாடு நடப்பவர்களுக்கானது, வழிகாட்டியை விட்டுவிட்டு முன்னால் ஓடுவதற்கானதல்ல. கோடையில் தீ அபாயம் மிகும் வாரங்களில் அந்த வழிகளும் மூடப்படுகின்றன. உங்கள் ஆசை புளியஞ்சோலைதான் என்றால், இரண்டு பக்கத்து வன அலுவலகங்களிலும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

சோளக்காட்டுப் பெரியவர்:

தம்பி, நான் ஓடுகிறவன் அல்லன், மலையில் குடியிருப்பவன். ஊர்ப் பாதைகளில் ஓடலாம் என்று மேலே ஒருவர் எழுதியதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்களில் கோயில் காடுகள் உண்டு. வயலுக்கு நடுவே திடீரென்று ஓங்கி அடர்ந்த மரக்கூட்டமும், உள்ளே ஒரு கல்லோ வேலோ தெரிந்தால் அது சாமியின் இடம். குறுக்கு வழியாகத் தெரிகிறதே என்று செருப்புக் காலோடு உள்ளே ஓடிவிடாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். தை, மாசியில் மிளகையும் காப்பிக் கொட்டையையும் களத்திலும் பாதையோரத்திலும் தார்ப்பாய் விரித்துக் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் கால் படக் கூடாது. நாய்கள் குரைத்துக்கொண்டு வரும். ஓடினால் துரத்தும், நின்று மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வீட்டுக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டால் அவரே அதட்டிக் கூப்பிட்டுக்கொள்வார்.

யானை பயம் இங்கே இல்லை. கரடிதான் கவனிக்க வேண்டியது, அதிலும் பலாப்பழம் பழுத்து விழும் காலத்தில். அது சத்தமில்லாமல் வருகிறவரைத் திடீரென்று பார்த்தால்தான் மிரண்டு பாயும். ஆகவே இருட்டோடு தோப்புக்குள் ஓடாமல், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, இருவராகப் பேசிக்கொண்டே ஓடுங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிற பழக்கத்தைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் வராதீர்கள். சாலையில் நடக்கவே இடம் இருக்காது.

ராசிபுரத்தான்:

அனைவருக்கும் நன்றி. புளியஞ்சோலையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். முதலில் சோளக்காட்டைச் சுற்றிய ஊர்ப் பாதைகளில் இரண்டு மணி நேரம் ஓடிப் பழகிவிட்டு, அதன் பிறகு வளைவுகளில் ஏறிப் பார்க்கிறேன். மேட்டுநிலக்காரருக்கு ஒரு கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் போகலாமா, தை வரை பொறுப்பதா? சாலை ஓட்டத்துக்கான ஷூவே போதுமா?

மேட்டுநில ஓட்டக்காரர்:

வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை பொறுங்கள். அந்த மாதங்களில் செம்மண் பாதை சேறாகிவிடும். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. மழையின்போது மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பதும் உண்டு. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை எனக்குப் பிடித்த காலம். காலையில் குளிர் கடுமையாக இருக்கும், எனவே கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய மெல்லிய மேலாடை ஒன்று போதும். பாதை காய்ந்திருக்கும்போது சாலை ஷூவே தாராளமாகப் போதும். பழகிய பிறகு, மண்ணைப் பிடிக்கும் ஆழமான வெட்டுகள் உள்ள அடிப்பாகத்தோடு ஒரு ஷூ வாங்கினால் போதுமானது. தண்ணீர் ஒரு லிட்டர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்று, விசில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காமல் போகும் என்பதால், எந்த ஊர் வழியாகப் போய் எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதைக் கிளம்பும் இடத்து டீக்கடையில் சொல்லிவிட்டே ஓடுங்கள்.