பியர்டட் டிராகன் முட்டைகள் 38ஆம் நாளிலேயே குழி விழுகின்றன

மெல்பர்னில் இருக்கிறேன். எங்கள் பியர்டட் டிராகன் (வளர்ப்புப் பல்லி வகை) இட்ட 22 முட்டைகளில் 9 முட்டைகள் நான்கு நாட்களாகக் குழி விழுந்து வருகின்றன. பொரிய இன்னும் மூன்று வாரமாவது ஆகும், அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்குபேட்டர் 29 டிகிரி; வேறொரு தெர்மாமீட்டரிலும் அதே அளவுதான். முட்டைகளை வைத்திருக்கும் வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் சம எடை. முட்டைகளைத் திருப்பவே இல்லை. பூஞ்சை பிடித்த இரண்டை எடுத்துவிட்டேன். குழி விழுந்தவற்றில் டார்ச் அடித்தால் சிவப்பு ரத்தக்குழாய்கள் நன்றாகத் தெரிகின்றன, உயிர் இருக்கிறது. அப்புறம் பெட்டியை எடை போட்டேன்: முதல் நாளைவிட 40 கிராம் குறைவு. முட்டைகளின் மேல் படாமல் ஓரமாக 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு இரண்டு நாளாகிறது. குழி அப்படியே இருக்கிறது.

மீதி 20 மில்லியையும் இப்போதே விடலாமா, இன்னும் சில நாள் பொறுக்கலாமா?