பரங்கிக் கொடி: மூன்று வாரம் கழித்து

அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் பரங்கி இலையெல்லாம் மாவு தூவியதுபோல வெளுத்து, சிவப்பு வண்டு சல்லடையாக ஓட்டை போடுகிறது, என்ன அடிக்கலாம் என்று கேட்டிருந்தேனே, கொடி பிழைத்துவிட்டது.

மருந்துக் கடையில் கந்தகத் தூளை நீட்டினார்கள். நல்லவேளை, வாங்கவில்லை. பூசணிக் குடும்பத்துக் கொடிகளின் இலையைக் கந்தகத் தூள் கருக்கிவிடும்.

சாம்பல் நோய்க்கு ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை காலை வெயிலில் தெளித்தேன். பழைய இலையின் வெள்ளை முழுதாகப் போகவில்லை, புதுத் தளிர் சுத்தமாக வருகிறது.

வண்டுக்குக் கைதான் சிறந்தது. விடியலில் அது மந்தமாக இருக்கும். இலையைத் தட்டினால் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் பொத்தென்று விழும். அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும், அதனால் தூரைச் சுற்றி லேசாகக் கொத்திவிட்டேன். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். அதை அந்தி சாய்ந்தபின் மட்டுமே அடிக்கிறேன். பரங்கிப்பூ விடியலில் விரியும், தேனீ வரும் நேரம் அது. தேனீ போனால் காய் ஏது?

நேற்று எண்ணினேன், ஆறு பிஞ்சு.