ஏசிஎல் கிழிந்த முட்டி: 11 மி.மீ. லூஸ் என்றால் மோசமா?

கபடிப்பையன்:
மூன்று மாதம் முன்னால் ரெய்டு போய்த் திரும்பும்போது முட்டியில் டப்பென்று சத்தம், அன்று ராத்திரியே இளநீர் மாதிரி வீங்கிவிட்டது. எம்ஆர்ஐ எடுத்து, முட்டிக்குள் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்திருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். நேற்று கெண்டைக்காலில் ஒரு கருவியைப் பட்டை போட்டுக் கட்டி முன்பக்கம் இழுத்துப் பார்த்து, அடிபட்ட கால் 11 மி.மீ., நல்ல கால் 6 என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல காலே 6 என்றால் எனக்குப் பிறவியிலேயே மூட்டு லூஸா?

பிசியோ அண்ணன்:
இல்லை தம்பி. நல்ல முட்டியும் சில மி.மீ. ஆடத்தான் செய்யும், ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் இரண்டு காலையும் அளக்கிறோம், பார்க்க வேண்டியது வித்தியாசத்தை மட்டும். உனக்கு 5. பொதுவாக 3 மி.மீ. தாண்டினாலே ஏசிஎல் மேல் சந்தேகம் வரும். கட்டியது கேடி-1000 வகைக் கருவியாக இருக்கும்; முட்டியை 20-30 டிகிரி மடக்கி வைத்து 67, 89, 134 நியூட்டன் என்று இழுப்பார்கள். கடைசியது கிட்டத்தட்ட 14 கிலோ இழுவை, ஆகவே எந்த விசையில் எடுத்த 11 என்று கேட்டு வை. அடுத்த தடவை வேறு விசையில் அளந்தால் இந்த எண்ணோடு ஒப்பிட முடியாது. அப்புறம், பயத்தில் பின்தொடையை இறுக்கிப் பிடித்தால் கீழ்க்கால் எலும்பு முன்னால் வராது, அளவு குறைவாகக் காட்டும்.

பழைய கோல்கீப்பர்:
எனக்கு அதுதான் நடந்தது. அடிபட்ட நாலாம் நாள் வலியில் காலை விறைத்துக்கொண்டு கிடந்தேன், கீழ்க்காலைக் கையால் முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடிந்தபின் அதே சோதனை, அப்போது நன்றாகவே வழுக்கியது. நல்ல ஜவ்வு கயிறு விறைத்த மாதிரி வெடுக்கென்று நிற்கும். கிழிந்தது எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் மெத்தென்று போகும். கருவி இல்லாவிட்டாலும் அனுபவமுள்ள கைக்கு அது பிடிபட்டுவிடும்.

பிசியோ அண்ணன்:
ஆமாம். இன்னொன்று, அந்தக் கருவி முன்-பின் ஆட்டத்தை மட்டும்தான் அளக்கும். கபடியில் காலை ஊன்றித் திரும்பும்போது முட்டி நழுவுவது சுழற்சியால். அதற்குக் காலை உள்பக்கம் திருப்பி முட்டியை மடக்கிப் பார்க்கும் பிவட் ஷிஃப்ட் சோதனை வேண்டும். உனக்குச் செய்தார்களா? திரும்பும்போது முட்டி மடங்குகிறதா? வீட்டில் யாரையும் விட்டு இழுத்துப் பார்க்காதே.

கபடிப்பையன்:
தம்பியை விட்டு ஏற்கெனவே இழுத்துப் பார்த்தாயிற்று அண்ணா 😅 நேராக நடந்தால் ஒன்றுமில்லை, பேருந்துப் படியில் திரும்பி இறங்கும்போது இரண்டு தடவை மடங்கியது. அந்தச் சோதனை செய்யவில்லை. வியாழக்கிழமை போகிறேன், விசையையும் சேர்த்துக் கேட்டு வருகிறேன்.